பார்வையற்றவருக்கும் ஒரு சிபாரிசு

மும்பைக்கு வேலை தேடி வந்த தமிழர் அநேகமாக எவரும் விலாசம் இல்லாமல் ரயிலேறியதில்லை. கையில் பணம் இல்லாதிருந்திருக்கலாம். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிக்காரருக்கு, முன்னரே வந்து நிலைத்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு மாதுங்காவில் நாலு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்ட தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞருக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனி ஒன்றில் மாமாவோ, மாமாவின் சிநேகிதரோ இருந்தார். "பையன் நல்லவன், வேலை தெரிந்தவன், நான் பொறுப்பு" என்று அவர் மானேஜரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையே பாதிப் பேட்டி. மீதிப் பாதியைப் பையன் பார்த்துக்கொண்டான்.

இன்றும் இந்த முறை அப்படியொன்றும் மாறிவிடவில்லை. விளம்பரம் பார்த்து மனுப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் காலி இடம் இருக்கிறது என்ற செய்தி முதலில் எட்டுவது உள்ளே இருக்கும் உறவினர் மூலமாகத்தான். ஒருவர் வந்து ஊன்றிக்கொண்டால் தம்பி வருகிறான், தம்பிக்குப் பின் மைத்துனன் வருகிறான், பிறகு பக்கத்து வீட்டுப் பையன். இப்படித் தெருவே வந்து சேர்ந்த கதைகள் சயானிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் ஏராளம்.

இந்தச் சங்கிலியில் சேர்க்கப்படாத ஒருவர் உண்டு. அவர் பார்வையற்ற பிள்ளை. வீட்டில் மூத்தவன் பார்வையற்றவன், பி.ஏ. தேறியவன், இளையவன் பத்தாவதோடு நின்றவன் என்று வைத்துக்கொள்வோம். மும்பை மாமாவுக்குப் போகும் டெலிபோன் இளையவனைப் பற்றியதாகவே இருக்கும். "பெரியவன் என்ன செய்கிறான்?" என்று மாமாவும் கேட்பதில்லை, கேட்டால் மனம் கஷ்டப்படும் என்று அவருக்கு எண்ணம். பெற்றோரும், "அவன் பாட்டுக்கு வீட்டில் இருக்கட்டும், சின்னவன் சம்பாதித்துப் போடுவான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதைக் கல் நெஞ்சக்காரர்கள் செய்வதாக எண்ண வேண்டாம். பாசம் மிகுந்த குடும்பங்களிலேயே இது அதிகம் நடக்கிறது.

பார்வையற்றவர் வேலை தேடுவதில் முதல் தடை இங்கேதான் இருக்கிறது. கம்பெனி வாசலில் இருப்பது இரண்டாவது தடை. முதல் தடையை நீக்க அரசாங்கம் தேவையில்லை, சொந்தக்காரர்களே போதும்.

சட்டம் தந்த இடம்

அரசாங்கம் தன் பங்குக்குச் சில காரியங்களைச் செய்திருக்கிறது. ஊனமுற்றோருக்கான தனி வேலைவாய்ப்பு அலுவலகம் இந்த மும்பையில் 1959-லேயே தொடங்கப்பட்டது. மத்திய அரசின் மூன்றாம், நான்காம் பிரிவுப் பணிகளில் 3 சதவீத இடங்கள் 1977-ல் ஊனமுற்றோருக்கு ஒதுக்கப்பட்டன. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சட்டபூர்வமான உரிமையாக ஆக்கியது. இப்போது அமலில் இருப்பது 2016-ஆம் ஆண்டு நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ல் நடைமுறைக்கு வந்த சட்டம். இதன்படி ஒதுக்கீடு 4 சதவீதம். பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் சேர்த்து அதில் 1 சதவீதம். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று இருக்க வேண்டும். தகுதியுள்ளவர் கிடைக்காத இடம் அந்த வருஷத்தோடு அழிந்துவிடாது. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.

சட்டம் எழுதியதெல்லாம் தானாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த எண்ணிக்கையை வைத்து ஒதுக்கீட்டைக் கணக்கிடுவது என்பதற்கே பார்வையற்றோர் அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. 2013 அக்டோபர் 8-ல் வந்த தீர்ப்பு, பணித் தொகுதியின் மொத்தக் காலியிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. பார்வையற்றவர் நீதிபதி பதவிக்கு வர முடியாது என்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த விதியை 2025 மார்ச் 3-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

மும்பைக்காரர்களுக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டிய உதாரணம் உல்லாஸ்நகரைச் சேர்ந்த பிராஞ்சல் பாட்டீல். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். தாதரில் பார்வையற்ற சிறுமியருக்கான பள்ளியிலும் பின்னர் சேவியர் கல்லூரியிலும் படித்தார். சிவில் சர்வீஸ் பரீட்சையில் 773-ஆவது இடம் பெற்று, 2016-ல் ரயில்வே கணக்குப் பணிக்கு ஒதுக்கப்பட்டார். பார்வை இல்லை என்ற காரணம் காட்டி அந்தப் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் மீண்டும் பரீட்சை எழுதினார். 124-ஆவது இடம் கிடைத்தது, ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். 2019-ல் திருவனந்தபுரத்தில் சப் கலெக்டராகப் பொறுப்பேற்றார். ரயில்வேயின் கணக்கைப் பார்க்க இயலாது என்று ஒதுக்கப்பட்டவர் ஒரு வருவாய்க் கோட்டத்தையே நிர்வகித்தார்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைனும் அப்படித்தான். ஸ்டேட் பாங்கில் புரொபேஷனரி அதிகாரியாக இருந்தவர், 2015-ல் வெளிநாட்டுத் தூதரகப் பணிக்குத் தேர்வானார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல் தடவை. அவருடைய தந்தை ரயில்வே ஊழியர். எளிய உத்தியோகஸ்தர் வீடுகளிலும் இது நடக்கும் என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் மும்பைத் தமிழரில் பெரும்பாலோர் இருப்பது தனியார் கம்பெனிகளில். அங்கே ஒதுக்கீடு கிடையாது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஊனமுற்றோருக்கு எந்தெந்த வேலை தரலாம், என்ன வசதி செய்யலாம் என்று ஒரு சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று விதி சொல்கிறது. இத்தனை பேரைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே தனியாரிடம் செல்லுபடியாவது, எப்போதும் போல, உள்ளே இருப்பவரின் வாய்ச் சொல்தான். அந்தச் சொல் பார்வையற்றவருக்குக் கிடைப்பதில்லை என்பதே வருத்தம்.

பேட்டி அறையில் நடப்பது

பேட்டிக்குப் போய் வந்த பார்வையற்ற பட்டதாரிகளைக் கேட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கதையைச் சொல்வார்கள். "எப்படி வந்தீர்கள்? யார் கூட்டி வந்தார்? தினமும் லோக்கலில் எப்படி ஏறுவீர்கள்? மாடிப்படி ஏற முடியுமா?" பாதி நேரம் இதிலேயே போய்விடுகிறது. மற்றவரிடம் கணக்கியலையும் கம்பெனிச் சட்டத்தையும் கேட்பவர்கள் இவரிடம் மாடிப்படியைக் கேட்கிறார்கள். துணைக்கு வந்த தம்பி அறைக்குள் இருந்தாலோ, கேள்வி அவனிடம் திரும்பிவிடுகிறது. "இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று எதிரே உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள். கடைசியில் மிகுந்த மரியாதையோடு, "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள். சொல்லி அனுப்புவதில்லை.

"இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை. சம்பளம் கொடுப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, பதிலைத் தாமே மனத்துக்குள் சொல்லிக்கொள்வதுதான் தவறு. கண்ணை மூடிக்கொண்டு அந்த வேலையைத் தாம் செய்தால் எப்படியிருக்கும் என்று மானேஜர் கற்பனை செய்து பார்க்கிறார். தம்மால் ஒரு நிமிஷமும் முடியாது என்று தெரிகிறது. உடனே எதிரே இருப்பவராலும் முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார். இருபது வருஷம் பார்வையில்லாமல் படித்து, நடந்து, பரீட்சை எழுதி வந்தவருக்கும் ஒரு நிமிஷம் கண்ணை மூடியவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் மறந்துபோகிறது.

இதற்கு வழி சுலபமானது. செய்து காட்டச் சொல்லலாம். கடிதம் எழுதும் வேலையானால் ஒரு கடிதத்தைச் சொல்லி அடிக்கச் சொல்லலாம். கணக்கு வேலையானால் பட்டியல் ஒன்றைக் கொடுத்துக் கூட்டிக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையானால் டெலிபோனைக் கையில் கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். மற்றவர்களையும் சோதனைக் காலம் வைத்துத்தானே எடுக்கிறார்கள்? சோதித்துப் பார்த்து இயலவில்லை என்று சொன்னால் பார்வையற்றவரும் ஏற்றுக்கொள்வார். சோதிக்காமலே சொல்வதைத்தான் அவரால் ஏற்க முடிவதில்லை.

டைப்பிஸ்ட் விசையைப் பார்ப்பதில்லை

குமாஸ்தா வேலை முழுவதும் கண்ணால் செய்கிற வேலை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மும்பைத் தமிழருக்கு அந்த எண்ணம் வரலாகாது. டைப் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடமே, விசைகளைப் பார்க்காதே என்பதுதான். பார்த்து அடிப்பவர் லோயர் தேறுவதே சிரமம்; பார்க்காமல் அடிப்பவர்தான் ஹையர் தேறுவார். விரல்களுக்கு இடம் தெரிந்தால் போதும். பார்வையற்றவர் அந்தப் பாடத்தை மற்றவரைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

அடித்ததைப் படிப்பது எப்படி என்ற கேள்விக்கும் இப்போது பதில் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள்கள் வந்து பல வருஷங்கள் ஆகின்றன. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006-ல் தொடங்கினார்கள். அதற்கு விலை கிடையாது. ஆங்கிலம் மட்டுமன்றி இந்தி, மராத்தி, தமிழையும் அது படிக்கும். காதில் ஒரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாத வேகத்தில் ஒரு கோப்பு முழுவதையும் கேட்டு முடிக்கிறவர்கள் வங்கிகளில் இருக்கிறார்கள். ரூபாய் நோட்டை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்போருக்காக ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1-ல் ஒரு மொபைல் செயலியை வெளியிட்டது. அதன் பெயரும் "மணி" என்பதுதான்.

எல்லா வேலையும் முடியும் என்று யாரும் சொல்லவில்லை. வண்டி ஓட்டும் வேலையைப் பார்வையற்றவர் கேட்பதில்லை. சில கம்பெனிகள் தங்களுக்கென்று எழுதி வாங்கிய மென்பொருள்கள் திரை வாசிப்புக் கருவிக்கு இசைந்து வராமல் முரண்டு பிடிப்பதும் உண்மையே. ஆனால் அது மென்பொருளின் குறை. திருத்த முடிகிற குறை. மனிதரின் தகுதியில் சேர்த்து எண்ணக்கூடாது.

இன்னொரு பழைய வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். பார்வையற்றோருக்கு ஏற்ற வேலை என்று இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்து, அதிலேயே எல்லோரையும் அடைப்பது அந்த வழக்கம். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது ஒரு காலத்தில் அப்படி இருந்தது. அலுவலகங்களுக்கு இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்ததும் அது தேய்ந்தது. டெலிபோன் ஆபரேட்டர் வேலையில் பலர் பெயர் வாங்கினார்கள். நேரடி டயலும் மொபைலும் வந்து அந்த நாற்காலியையே எடுத்துவிட்டன. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் கொடுத்தார்கள்; அந்தக் கூண்டுகள் இன்று எங்கே என்று தேட வேண்டும். ஒரு வேலை போகும்போது அதை நம்பியிருந்த எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். லோக்கல் ரயிலில் சீப்பும் ஊக்கும் விற்றுக்கொண்டு போகும் பார்வையற்றவரின் பையில் பட்டப்படிப்புச் சான்றிதழும் இருக்கக்கூடும். ஆளுக்கு ஆள் திறமை வேறு. அதைப் பார்த்து வேலை தருவதே நியாயம்.

மனுப் போடுகிறவர் கவனத்துக்கு

வேலை தேடும் பார்வையற்ற இளைஞரும் இளம் பெண்ணும் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, சான்றிதழ். மருத்துவச் சான்றும் ஊனமுற்றோருக்கான தனி அடையாள அட்டையும் இல்லாமல் ஒதுக்கீட்டின் பக்கம் போக முடியாது. இதற்காகச் சொந்த ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. குடியிருப்புச் சான்றில் எந்த மாவட்டம் இருக்கிறதோ, அந்த மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அட்டை இந்தியா முழுவதும் செல்லும்.

இரண்டாவது, எங்கே மனுப் போடுவது என்ற தெளிவு. மாநில அரசுப் பணிகளுக்கு அந்த மாநிலத்தில் நெடுங்காலம் வசித்த சான்று கேட்பார்கள். வந்து சில வருஷமே ஆன குடும்பங்களுக்கு அது தடையாகலாம். ரயில்வே, தபால், வங்கி, இன்ஷூரன்ஸ், மத்திய அரசு அலுவலகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வங்கிக் குமாஸ்தா வேலைக்கு அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மராத்தி பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. ஊரிலிருந்து வருகிறவரும் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டையிலோ பூவிருந்தவல்லியிலோ பார்வையற்றோர் பள்ளியில் தமிழ் பிரெயில் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் ஒரே ஓசைக்கு ஒரே புள்ளிகள்தான். தமிழ்க் "க" எந்தப் புள்ளிகளோ, மராத்திக் "க"வும் அதே புள்ளிகள். கண்ணுள்ளவர் தேவநாகரி எழுத்தைப் புதிதாகக் கற்க வேண்டும். விரலால் படிப்பவருக்குப் பாதி எழுத்து ஏற்கனவே தெரியும். மொழியை மட்டும் கற்றால் போதும்.

மூன்றாவது, எழுத்துப் பரீட்சை. அரசுத் தேர்வுகளில் சொல்வதை எழுதித் தரும் உதவியாளரும், மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் நேரமும் உண்டு. உதவியாளரை யார் ஏற்பாடு செய்வது, அவருடைய படிப்பு என்ன இருக்கலாம் என்பதெல்லாம் அந்தந்த அறிவிப்பில் இருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் அறிவிப்பை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பரீட்சை நாளில் உதவியாளர் வராமல் போய் ஒரு வருஷம் வீணாவது புதிதல்ல; மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

நான்காவது, பேட்டி. தனியார் கம்பெனிக்குப் போடும் மனுவில் பார்வையில்லை என்பதைச் சொல்வதா, மறைப்பதா என்று பலர் தவிக்கிறார்கள். சொன்னால் அழைப்பே வராதோ என்று பயம். சொல்லாமல் போனால் வாசலிலேயே திகைப்பு. அழைப்பு வந்த பிறகு, பேட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக, டெலிபோனில் சொல்லிவிடுவது நல்லது. "எனக்குப் பார்வை இல்லை. எழுத்துச் சோதனை இருந்தால் கம்ப்யூட்டரில் தாருங்கள், என் சொந்தக் கம்ப்யூட்டரையே கொண்டு வருகிறேன்" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். கேட்பவருக்கும் தம்மைத் தயார் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

முதல் நாளே அந்தக் கட்டிடத்துக்கு ஒரு முறை போய் வருவது பயன் தரும். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்திருந்தால் மறுநாள் பதற்றம் இராது. மும்பை லோக்கலில் ஊனமுற்றோருக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அது நிற்கும் இடத்தைக் காட்ட மேடைகளில் "பீப்" என்று ஒலிக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள். துணைக்கு வருபவர் அறை வாசலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே போனதும், "எத்தனை பேர் இருக்கிறீர்கள், பெயரைச் சொன்னால் உதவியாக இருக்கும்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்கள் "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்பதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் திறந்து செய்து காட்டுகிறவர் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறார். மாடிப்படிக் கேள்வி வந்தால் கோபப்படாமல், "உங்கள் மாடிப்படி ஏறித்தான் வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

பயிற்சி வேண்டுவோருக்கு இந்த நகரத்தில் இடம் இருக்கிறது. 1952-ல் இங்கே தொடங்கப்பட்ட நேஷனல் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் இருக்கிறது. சேவியர் கல்லூரியில் பார்வையற்றோர் வள மையம் இருக்கிறது. இவை இருப்பதே தெரியாமல் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை வீட்டோடு கிடப்பதுதான் பரிதாபம்.

பக்கத்து மேசைக்காரர்

வேலை கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சில அலுவலகங்களில் பார்வையற்றவருக்கு நாற்காலி இருக்கும், சம்பளம் இருக்கும், வேலை இருக்காது. "பாவம், உட்காரட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். மாலை வரை சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவமானம், வேலையே கிடைக்காத அவமானத்துக்குக் குறைந்ததல்ல. நாலு வருஷம் கழித்துப் பதவி உயர்வு வரும்போது, "இவர் என்ன வேலை செய்தார்?" என்று கேட்பவர்களும் அதே ஆட்கள்தான்.

இங்கே அதிகாரியைவிடப் பக்கத்து மேசைக் குமாஸ்தாவின் கையில் அதிகம் இருக்கிறது. ஒரு சுற்றறிக்கையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் பார்வையற்றவரின் கருவி அதைச் சரியாகப் படிப்பது நிச்சயமில்லை. அதையே அடித்த எழுத்தாக அனுப்பினால் படித்துவிடும். பழைய எழுத்துரு ஒன்றில் மராத்தியிலோ தமிழிலோ அடித்த கோப்பு அந்தக் கருவிக்கு வெறும் உளறலாகக் கேட்கும். யூனிகோடில் அடித்தால் வாக்கியமாகக் கேட்கும். மேசை நாற்காலிகளை இடம் மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அறைக்குள் வந்தால், "நான் முருகேசன்" என்று பெயர் சொல்ல வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சின்னக் காரியங்களில்தான் ஒருவருடைய உத்தியோகம் நிற்பதும் போவதும் இருக்கிறது.

பார்வை பிறவியிலேயே இல்லாதவரைப் பற்றிய விஷயம் என்று இதை யாரும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். சர்க்கரை நோயாலும் கண் நீர் அழுத்த நோயாலும் நாற்பது ஐம்பது வயதில் பார்வையை இழக்கும் தொழிலாளரும் குமாஸ்தாக்களும் எத்தனையோ பேர். வேலை போய்விடும் என்று பயந்து, தெரியாத எழுத்தைத் தெரிவதுபோல் காட்டிக்கொண்டு, கடைசியில் தாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. ரயில்வே, துறைமுகம், அரசு வங்கி போன்ற அரசு நிறுவனங்களில், சில பணிகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீங்கலாக, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்பது சட்டம். பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு இடம் இல்லையென்றால் இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு பெறும்வரை, உபரிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யூனியனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

மும்பையில் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. ஊர்ப் பெயரிலும் வட்டாரப் பெயரிலும் நலச் சங்கங்கள் உண்டு. பொங்கல் விழா, பட்டிமன்றம், மாணவருக்குப் பரிசு என்று வருஷம் முழுவதும் காரியங்கள் நடக்கின்றன. பார்வையற்றோர் பள்ளிக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவதும் நடக்கிறது. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டைவிட ஒரு சிபாரிசு நெடுநாள் பசியைத் தீர்க்கும்.

ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் வீடுகளில் பார்வையற்ற படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். என்ன படித்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரியுமா, சான்றிதழ் இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளட்டும். சான்றிதழ் இல்லாதவருக்கு ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டும். பரீட்சைக்கு உதவியாளராக எழுதத் தயாராக இருக்கும் கல்லூரி மாணவர்களின் பெயர்களைச் சேர்த்து வைக்கட்டும். கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்து நல்ல பெயர் எடுத்த ஹெட் கிளார்க்குகளும் சூப்பர்வைசர்களும் அக்கவுண்டன்ட்டுகளும் மும்பையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த முறை காலி இடம் வரும்போது, மருமகனுக்காகச் சொல்லும் அதே வார்த்தையை அந்தப் பட்டியலில் உள்ள ஒருவருக்காகச் சொல்லட்டும். "பார்வை இல்லை, பாவம்" என்று சொல்ல வேண்டாம். "வேலை தெரிந்தவர், ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், நான் பொறுப்பு" என்று சொல்லட்டும்.

அந்த வார்த்தையால் வேலை பெற்றவர்கள்தான் மும்பைத் தமிழரில் பெரும்பாலோர். அதை இன்னொருவருக்குச் சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.